கொடியின் மறுமுனை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் சின்ன வயதாக இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆலடிக்கரையில் இருந்த குருவின் கழுத்தில் விசில் தொங்கியது. சீடருக்கு வயது அறுபத்தொன்று.

குருவின் பெயர் ஜெபக்கனி. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வயது முப்பத்தெட்டு. தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். பேச வேண்டிய இடத்திலும் பாதி நேரம் விசிலை ஊதி வேலையை முடித்துவிடுவார்.

சீடரின் பெயர் கோமதிநாயகம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஊருக்கு அவர் அறிவிப்பாளர். குடியரசு தினமோ, கோயில் கொடையோ, பள்ளி ஆண்டு விழாவோ, இருபத்தேழு வருஷமாக மைக்குக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். "அன்பார்ந்த ஆலடிக்கரை வாழ் பெருமக்களே" என்று அவர் தொடங்கினால் குளத்தில் துணி துவைப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். எப்போது முடிப்பார் என்பது மட்டும் அவருக்கே தெரியாது.

அந்த ஜனவரியில் பேரூராட்சிக்குப் புதுச் செயல் அலுவலர் வந்திருந்தார். அவர் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

ஒவ்வொரு வருஷமும் இருபத்தாறாம் தேதி காலையில் பேரூராட்சி மைதானத்தில் கொடி ஏறும். உள்ளே வைத்துக் கட்டிய பூக்கள் சிதறும். கைதட்டல், மிட்டாய், நன்றியுரை. ஒன்பது மணிக்கு மைதானம் காலி. சாயங்காலம் சூரியன் இறங்குவதற்குள் யாரோ கொடியை இறக்கி மடித்து அலுவலகத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். யார் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் இறக்குவதையும் மக்கள் பார்க்க வேண்டும் என்றார் செயல் அலுவலர். எல்லோர் முன்னிலையிலும் கொடியை மடிக்க வேண்டும், மடிப்பதன் அர்த்தத்தை அறிவிப்பாளர் விளக்க வேண்டும், சுருக்கமாக, தெளிவாக. சொல்லிவிட்டு மேசையில் இருந்த தாளை நகர்த்திக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். ஆகஸ்டு விழாவுக்குக் கேபிள் டி.வி.யில் செய்தி வாசிக்கும் பெண்ணைக் கூப்பிடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறதாம். இது நன்றாக அமைந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே வேலை இல்லையாம்.

கோமதிநாயகம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். வைத்தது சட்னியா சாம்பாரா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவருக்கு ஒன்று ஞாபகம் இருந்தது. ஏதோ ஒரு நாட்டுச் சிப்பாய்கள் தங்கள் கொடியை முக்கோணமாக மடிப்பதைச் செல்போனில் பார்த்திருந்தார். மொத்தம் பதின்மூன்று மடிப்பு. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒருவர் கணீரென்று ஓர் அர்த்தம் படித்தார். அந்த மாதிரி நமக்கும் ஒரு பட்டியல் கிடைத்துவிட்டால் போதும். ஆகஸ்டு என்ன, அதற்கு அடுத்த ஆகஸ்டும் அவருடையதுதான்.

கொடியை யார் மடிக்கிறார்கள் என்று அலுவலகத்தில் விசாரித்தார். பன்னிரண்டு வருஷமாக ஜெபக்கனி டீச்சர்தான் என்றார்கள்.

மறுநாள் நான்கு மணிக்குப் பள்ளி மைதானத்துக்குப் போனார். டைரியைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், நம்ம கொடிக்கு மொத்தம் எத்தனை மடிப்பு? ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம்?"

ஜெபக்கனி டைரியைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார்.

"நாளைக்கு ஒரு போர்வை கொண்டாங்க அண்ணாச்சி. ஆறடி நீளம், நாலடி அகலம். டைரி வேண்டாம்."

"போர்வை எதுக்கு?"

"கொடியை வெச்சுப் பழகக் கூடாதுல்லா."

அர்த்தம் கேட்டால் போர்வை கேட்கிறாரே என்று நினைத்தபடி கோமதிநாயகம் டைரியை மூடினார்.

மறுநாள் கொண்டுவந்த போர்வையில் பச்சைக் கிளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஜெபக்கனி கிளிகளைப் பொருட்படுத்தவில்லை. நீலச் சாக்பீஸால் நடுவில் ஒரு வட்டம் போட்டார். அது சக்கரம். குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். மேலே காவி, நடுவே வெள்ளை, கீழே பச்சை. பிறகு ஒரே மூச்சில் முறையைச் சொன்னார். காவியை வெள்ளைக்கு அடியில் மடிக்க வேண்டும். பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடிக்க வேண்டும். ஓரத்தில் ஒரு விரல் காவியும் ஒரு விரல் பச்சையும் தெரியலாம். அப்புறம் இரண்டு முனைகளையும் அடிப்பக்கமாக மடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மேலே சக்கரம் மட்டும் நிற்கும். துணி தரையில் படக் கூடாது. மேசை கிடையாது. அவசரம் கிடையாது.

"மடிங்க" என்றார்.

கோமதிநாயகம் மடித்தார். வலது கையால் ஒரு மூலையைப் பிடித்தால் இடது மூலை தரையில் இறங்கியது. விசில் ஊதியது.

"தரை" என்றார் ஜெபக்கனி.

மோவாய்க்கு அடியில் ஒரு மூலையை இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்தார். கிளிகள் எல்லாம் வயிற்றின் மேல் சரிந்தன. விசில்.

"தரை."

முழங்காலை மடக்கி ஒற்றைக் காலில் நின்று பார்த்தார். எறிபந்து ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பந்தை மறந்துவிட்டு வேலி ஓரத்துக்கு வந்தார்கள். கடைசியாக ஒரு மூலையைப் பல்லில் கவ்வினார். விசில் இப்போது நீளமாக ஊதியது.

"வாய் வைக்கக் கூடாது அண்ணாச்சி."

பதினோராவது விசிலுக்குப் பிறகு கோமதிநாயகம் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"இது ஒருத்தரால முடியாது டீச்சர்."

"அப்படியா" என்றார் ஜெபக்கனி, இதுவரை அதைக் கேள்விப்படாதவர்போல. "அப்ப நாளைக்கு இன்னொருத்தரோட வாங்க."

அடுத்த நாள் மனைவி சண்முகவடிவை அழைத்துக்கொண்டு வந்தார். மைதானத்து வாசலில் அந்த அம்மாள் நின்று, முப்பத்தாறு வருஷமாக வீட்டுப் போர்வைகள் எல்லாம் தானாகவே மடிந்துகொள்கின்றன என்று நினைத்தீர்களா என்று கேட்டார். கோமதிநாயகம் நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார்.

ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். அவர் கையைத் தாழ்த்தினால் சண்முகவடிவு உயர்த்தினார். அவர் காவி என்று நினைத்துப் பச்சையைப் பிடித்தால், கண்ணாலேயே திருத்தினார். அவர் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருக்க, சண்முகவடிவு தன் பக்கத்தை மடித்துக்கொண்டே வந்து, அவர் கையிலிருந்த முனையையும் வாங்கி மடித்து முடித்தார். வட்டம் மேலே, ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

கோமதிநாயகத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இப்ப அர்த்தத்தைச் சொல்லுங்க டீச்சர்."

"அக்கா நல்லா மடிச்சாங்க" என்றார் ஜெபக்கனி. "நீங்க எங்க மடிச்சீங்க?"

சண்முகவடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அவருடைய தோள்கள் குலுங்குவது நன்றாகத் தெரிந்தது.

அர்த்தம் இருபத்தாறாம் தேதி மைதானத்தில் தெரியும் என்று ஜெபக்கனி சொன்னார். அதுவரைக்கும் ஒன்றும் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். இத்தனை வருஷமாகக் கொடிக்கம்பத்தின் கயிற்றை அலுவலகக் காவலாளி பிடிப்பார். அவர் ஓய்வு பெற்றுவிட்டதால் இந்த முறை கயிறு ஜெபக்கனியின் பொறுப்பு. கொடியின் ஒரு முனையைக் கோமதிநாயகம் பிடிக்க வேண்டும்.

"மறுமுனைக்கு யாரு டீச்சர்?"

"இருக்காரு. பன்னிரண்டு வருஷமா எங்கூட மடிக்கிறவரு. வியாழக்கிழமை பேரூராட்சி மைதானத்துக்கு வாங்க."

வியாழக்கிழமை வரை கோமதிநாயகம் அந்த மனிதரைக் கற்பனை செய்துகொண்டிருந்தார். பட்டாளத்தில் இருந்தவராக இருக்கும். விறைப்பாக நிற்பார். ஒருவேளை அர்த்தம் அவருக்காவது தெரிந்திருக்கும்.

வியாழக்கிழமை போய்ப் பார்த்தால், கொடிக்கம்பத்தடியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவர் மைக் செட் இசக்கியப்பன்.

கோமதிநாயகம் அப்படியே திரும்பி நடந்தார். விசில் ஊதியது. இருபத்தேழு வருஷமாக எந்த மைக்குக்கும் கட்டுப்படாத மனிதர் அந்த விசிலுக்கு நின்றார்.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சுதந்திர தினத்தில் கோமதிநாயகம் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஊர் நன்றியுரைக்கு ஒரு வரிசை உண்டு. தலைமை தாங்கியவரில் தொடங்கும். ஒலிபெருக்கி அமைத்துத் தந்தவரில் முடியும். அன்றைக்கு அவர் பந்தல் போட்டவருக்கு நன்றி சொன்னார். நாற்காலி தந்தவருக்குச் சொன்னார். வாழை மரம் கொடுத்தவருக்கு, ஏணி கொடுத்தவருக்கு, ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு எல்லாம் சொன்னார். நாற்பது நிமிஷம் ஓடியது. "இறுதியாக" என்ற சொல் நான்கு தடவை வந்துபோனது. இசக்கியப்பன் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்று தன் பெயருக்காகக் காத்திருந்தார். "இறுதியாக" ஐந்தாவது தடவை வந்ததும் பொறுமை போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டார்.

கோமதிநாயகத்தின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. மைதானமே சிரித்தது.

அந்த ஐந்தாவது "இறுதியாக"வுக்குப் பிறகு தன் நாக்கில் இருந்தது அவன் பெயர்தான் என்பது கோமதிநாயகத்தின் கட்சி. நாற்பது நிமிஷம் வராத பெயர் நாற்பத்தோராவது நிமிஷம் வரும் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும் என்பது இசக்கியப்பனின் கட்சி. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. விழாக்கள் மட்டும் நடந்தன. கோமதிநாயகம் வானத்தைப் பார்த்து "ஒன்று, இரண்டு, மூன்று" என்று மைக்கைச் சோதிப்பார். இசக்கியப்பன் வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டிக் குறைப்பார். நன்றியுரை ஏணி பிடித்தவரோடு முடிந்துவிடும். மூன்று வருஷமாக அதற்கு மேல் ஒரு பெயர் வந்ததில்லை.

கொடி இறங்கும் வரைக்கும் பாட்டுப் போடுவது மைக் செட்டின் வேலை. அதனால் காலையில் விழாவுக்கு வந்தவர்களில் சாயங்காலம் வரை மைதானத்தில் இருக்கிற ஒரே ஆள் இசக்கியப்பன். ஒயரைச் சுருட்டுவதற்கு முன்னால் ஜெபக்கனியோடு கொடியை மடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். மிட்டாயை வாங்கிக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே வீட்டுக்குப் போய்விடுகிற கோமதிநாயகத்துக்கு இது எப்படித் தெரியும்?

அவனோடு சேர்ந்து மடிக்க முடியாது என்று கோமதிநாயகம் சொன்னார்.

"மடிக்க வேண்டாம். சும்மா பிடிங்க, போதும்" என்றார் ஜெபக்கனி.

பிடித்தார்கள். கிளிப் போர்வை இருவருக்கும் நடுவில் முரசுத் தோல்போல விறைத்து நின்றது. காவியும் பச்சையும் எப்படியோ அடியில் போயின. அப்புறம் முனைகளை மடித்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். ஒருவரும் நடக்கவில்லை.

"அவரு மொதல்ல வரட்டும் டீச்சர்" என்றார் கோமதிநாயகம், கம்பத்தைப் பார்த்து.

"அண்ணாச்சி மூத்தவரு. அவருதான் நடந்து காட்டணும்னு சொல்லுங்க டீச்சர்" என்றார் இசக்கியப்பன், வேப்ப மரத்தைப் பார்த்து.

"இழுத்துப் பிடிக்கிறவருக்கு இழுக்க மட்டுந்தான் தெரியும்னு சொல்லுங்க டீச்சர்."

"இழுத்தது யாருன்னு நாற்பது நிமிஷம் கேட்ட எல்லாருக்கும் தெரியும்னு சொல்லுங்க."

ஜெபக்கனி எதையும் யாருக்கும் சொல்லவில்லை. விசிலை ஊதி, கோமதிநாயகம் மட்டும் நடக்கட்டும் என்றார். முனகிக்கொண்டே ஆறடியையும் நடந்து இசக்கியப்பனிடம் போய்ச் சேர்ந்தார். போர்வை நடுவில் இரண்டாக மடிந்தது. சக்கரமும் இரண்டாக மடிந்து பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் தொங்கியது.

பிறகு இசக்கியப்பனை நடக்கச் சொன்னார். அப்போதும் சக்கரம் இரண்டாகத்தான் மடிந்தது.

ஜெபக்கனி போர்வையை வாங்கிக்கொண்டார்.

"போதும். இருபத்தாறாம் தேதி பார்ப்போம்."

"டீச்சர், அர்த்தம்?"

"அன்னைக்குத்தான்."

நம்பி உட்கார்ந்திருக்கக் கோமதிநாயகம் தயாராக இல்லை. வீட்டுக்குப் போனதும் ஒன்றும் எழுத வேண்டாம் என்பதை மறந்துவிட்டு எழுத உட்கார்ந்தார். முதல் மடிப்பு உழவருக்கு. இரண்டாவது போர்வீரருக்கு. மூன்றாவது தாய்மாருக்கு. பத்தாவது மடிப்போடு ஆட்கள் தீர்ந்துபோனார்கள். பதினொன்றாவதை மழைக்குக் கொடுத்தார். பன்னிரண்டையும் பதின்மூன்றையும் எப்படியோ ஒப்பேற்றினார். மொத்தம் ஒன்பது பக்கம் வந்தது.

சண்முகவடிவு எட்டிப் பார்த்து, கொடியில் எத்தனை மடிப்பு என்று கேட்டார். பதின்மூன்று என்றார்.

"நான் மடிக்கையில அத்தனை இல்லையே" என்றார் சண்முகவடிவு.

இருபத்தாறாம் தேதி சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. சுண்டல் உண்டு என்று செயல் அலுவலர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோமதிநாயகம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஒன்பது பக்கமும் சட்டைப் பையில் தடிமனாக இருந்தது. மடிப்புக்கு ஒன்றாக அவற்றைப் படிக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. கொடியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். தாளைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

இசக்கியப்பனும் வந்து நின்றார். அன்றைக்கு வேட்டி கட்டியிருந்தார். காற்று மைக்கில் ஊளையிடாமல் இருக்க, பாட்டை நிறுத்தி ஆம்ப்ளிஃபயரையும் அணைத்துவிட்டு வந்திருந்தார். சுவிட்சை அணைத்த அந்த நாளை விட்டால், ஆலடிக்கரை மைதானத்தில் கூட்டம் நிறைந்திருக்க ஒலிபெருக்கி மௌனமாக இருந்தது அன்றைக்குத்தான்.

விசில் ஊதியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

ஜெபக்கனி கயிற்றை மெதுவாக விட்டார். கொடி கம்பத்தை ஒட்டிச் சீராக இறங்கி வந்தது. கைக்கெட்டும் உயரத்துக்கு வந்ததும் ஆளுக்கொரு முனையைப் பற்றினார்கள். ஜெபக்கனி கயிற்றை அவிழ்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கிழக்கிலிருந்து ஒரு காற்று வந்தது.

கொடி பாய்மரம்போல் உப்பியது. கோமதிநாயகத்தின் இடது கையிலிருந்து பச்சை மூலை நழுவித் தரையை நோக்கி இறங்கியது. ஒரு சாண் இருந்தது. பிறகு அரைச் சாண். கூட்டத்தில் யாரோ ஐயோ என்றார்கள்.

"அண்ணாச்சி, குனிஞ்சு பிடிங்க. மேல் மூலையை விட்டுராதீங்க."

மூன்று வருஷத்துக்குப் பிறகு இசக்கியப்பன் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். கோமதிநாயகம் குனிந்தார். மூலை தரையைத் தொடுவதற்குள் விரலில் சிக்கியது. நிமிர்ந்தார்.

"பிடிச்சிட்டேன். நீ இறுக்கு."

"இறுக்கிட்டேன். காவியை அடியில விடுங்க."

காவி அடியில் போனது. பச்சையும் அடியில் போனது. கொடி பறக்கும்போது ஒன்றையொன்று தொடாத இரண்டும் வெள்ளைக்கு அடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மேலே வெள்ளை நீளமாகக் கிடந்தது. நடுவில் சக்கரம். இந்தக் கோடியில் கோமதிநாயகம், அந்தக் கோடியில் இசக்கியப்பன்.

"வாங்க" என்றார் இசக்கியப்பன்.

"நீயும் வா."

ஒரு மடிப்பு. ஓர் அடி. துணியைத் தளரவிடாமல் இன்னொரு மடிப்பு. இன்னும் ஓர் அடி. இசக்கியப்பன் மடிக்கும் வேகத்தைப் பார்த்துக் கோமதிநாயகம் மடித்தார். கோமதிநாயகத்தின் கால் எங்கே போகிறது என்று பார்த்து இசக்கியப்பன் நடந்தார். மூன்றாவது மடிப்பில் இருவர் கைகளும் சக்கரத்துக்கு அடியில் முட்டின.

இத்தனை பக்கத்தில் நின்று கோமதிநாயகம் அந்த முகத்தைப் பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது.

"மீசை நரைச்சிட்டுதே" என்றார் மெதுவாக.

"உங்களுக்கு நரைக்க ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி" என்றார் இசக்கியப்பன், அவருடைய தலையைப் பார்த்து.

கொடியைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது. இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

ஜெபக்கனி வந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். மடித்த கொடியை அதில் வைத்தார்கள். சக்கரம் நேராக இருந்தது. ஓரத்தில் ஒரு விரல் காவி, ஒரு விரல் பச்சை. ஒரு சுருக்கம் இல்லை.

செயல் அலுவலர் மைக்கைக் கைகாட்டினார். இனி விளக்கம்.

கோமதிநாயகம் ஜெபக்கனியின் பக்கம் சாய்ந்தார்.

"டீச்சர், இப்பவாவது சொல்லுங்க. என்ன அர்த்தம்?"

"நான் கயிறுல நின்னேன்" என்றார் ஜெபக்கனி. "மடிச்சது நீங்க."

வேறு வழியில்லை. கோமதிநாயகம் மைக்குக்கு முன்னால் போனார். இசக்கியப்பன் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. அறிவிப்பாளரின் பழக்கம் தெரிந்தவர் என்பதால் ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அன்பார்ந்த ஆலடிக்கரை வாழ் பெருமக்களே."

கூட்டம் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தது. சிலர் சுண்டல் பாத்திரம் இருந்த திசையை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

கோமதிநாயகத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. தாள்கள் இருந்தன. உழவர் இருந்தார், போர்வீரர் இருந்தார், மழை இருந்தது. எடுத்துப் படித்தால் போதும். முன்வரிசைக்குப் பிடிக்கும். ஆகஸ்டு அவருக்கு வந்துவிடும். படிக்காவிட்டால் அந்தக் கேபிள் பெண் வந்து நிற்கும்.

அவர் எண்ணிப் பார்த்தார். பதின்மூன்று மடிப்பு எங்கே இருந்தது? சற்று முன்னால் தன் கை எத்தனை மடித்தது என்றே அவருக்கு ஞாபகம் இல்லை. எதிரில் வந்துகொண்டிருந்த இரண்டு கைகள் மட்டும்தான் ஞாபகம் இருந்தன.

பையிலிருந்து கை வெறுமனே வெளியே வந்தது.

"இந்தப் பக்கம் பிடித்தது நான்" என்றார். "அந்தப் பக்கம் பிடித்தவர், பன்னிரண்டு வருஷமாகப் பிடித்து வருகிறவர், ஒலிபெருக்கி அமைத்துத் தந்த நம் இசக்கியப்பன்."

குழாய் ஒலிபெருக்கி வழியாக அந்தப் பெயர் குளத்தங்கரை வரை போய்த் திரும்பி வந்தது. இசக்கியப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வேப்ப மரத்தைப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு நேராகவே பார்த்தார். குமிழில் கை வைத்துச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"பேசுங்க அண்ணாச்சி. அணைக்க மாட்டேன்."

அது மைக்கிலும் கேட்டுவிட்டது. மைதானம் சிரித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் சிரித்த அதே மைதானம்தான். இந்த முறை கோமதிநாயகமும் அதோடு சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கியது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கோமதிநாயகம் மைக்குக்கு முன்னால் பேசாமல் நின்றார்.

செயல் அலுவலர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் எழுந்து, கொடியை ஏந்தி நின்ற ஜெபக்கனியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்ன டீச்சர், மடிப்புக்கு அர்த்தம் சொல்வாருன்னுதானே ஏற்பாடு? எப்பச் சொல்வாரு?"

"சொல்லிட்டாரே சார்" என்றார் ஜெபக்கனி.